வீடு என்னும் கலம்

திடப்பொருளுக்குத் தனி உருவம் உண்டு. தனிக் கன அளவும் உண்டு. திரவத்திற்குக் கன அளவு உண்டு, உருவம் இல்லை. ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை அது ஏற்றுக்கொள்ளும். வாயுவுக்கோ இரண்டுமே இல்லை. எந்தக் கலத்தில் அடைத்தாலும் அந்தக் கலம் முழுவதும் அது பரவி நிற்கும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஆண்டுதோறும் பள்ளி திறந்த சில வாரங்களுக்குள் இவ்வாசகங்களைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள்; தேர்வில் ஒப்பிப்பார்கள்; மதிப்பெண்ணும் பெறுவார்கள். ஒரு குடும்பத்தின் அமைதி அந்தக் கடைசி வாசகத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வதில் அடங்கியிருக்கக் கூடும் என்பதை, நான் ஓய்வு பெற்ற பின்னர் எங்கள் வீட்டு அடுக்களை எனக்கு உணர்த்தியது. அதையே இங்கு எழுதத் துணிந்தேன். வாசகர் இல்லங்களிலும் அடுப்பு உண்டு. வயது முதிர்ந்த தாய் தந்தையரும் இருக்கக் கூடும்.

முதலில் வாயுவின் குணத்தைச் சிறிது பார்ப்போம். நாம் அன்றாடம் 'கேஸ்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் படைத்தவர் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவரான வான் ஹெல்மாண்ட். அவர் 62 ராத்தல் கரியை எரித்தார். மிஞ்சிய சாம்பல் ஒரு ராத்தலே. மற்ற 61 ராத்தலும் கண்ணுக்குப் புலப்படாத, எந்தப் பாத்திரத்திலும் அடைபட மறுக்கும் ஒன்றாக மாறிப் போய்விட்டதென அவர் கருதினார். ஒழுங்கற்ற பெருவெளியைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லை ஒட்டி அதற்குப் பெயரிட்டார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1648-இல் வெளிவந்த அவருடைய நூல் வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. அடங்காதது என்பதே அப்பெயரின் உட்பொருள்.

அடங்காத அதற்கும் ஒரு கணக்கு உண்டென்று 1662-இல் இங்கிலாந்தில் இராபர்ட் பாயிலும், 1676-இல் பிரான்சில் மாரியோத்தும் தனித்தனியே எழுதி வைத்தார்கள். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, வாயுவின் மீதுள்ள அழுத்தம் பாதியாகக் குறைந்தால் அதன் கன அளவு இரட்டிக்கும் என்பதே அக்கணக்கு. கோடைக்கானலுக்குப் பிள்ளைகளுடன் சென்றவர்கள் இதைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். அடிவாரத்தில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் மலை ஏற ஏற உப்பிக்கொண்டே வரும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வெளியிலிருந்து அமுக்கும் கை தளர்ந்ததும் உள்ளிருக்கும் காற்று விரிந்துகொள்கிறது.

ஏன் விரிகிறது? வாயு என்பது எண்ணிலடங்காத நுண்துகள்களின் கூட்டம். அவை ஓயாமல் பறந்து கலத்தின் சுவரில் மோதித் திரும்புகின்றன என்று 1738-ஆம் ஆண்டிலேயே டேனியல் பெர்னூலி விளக்கினார். கலத்தை நிரப்ப வேண்டும் என்னும் ஆசை வாயுவுக்குக் கிடையாது. சுவர் தடுக்கும் வரை துகள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, அவ்வளவே.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் கொரோனா நோய் எங்கள் வீட்டிலும் நுழைந்தது. என் அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. ஆண்டவர் அருளால் பிழைத்து எழுந்தார்கள். ஆனால் மணம் அறியும் ஆற்றல் மட்டும் திரும்பவில்லை. எங்களில் மற்றவர்களுக்குச் சில வாரங்களில் மீண்டு வந்த அந்த உணர்வு, முதுமையினாலோ என்னவோ, அம்மாவுக்கு வரவேயில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவர்களுக்கு ஒன்றாயின. "சாப்பாடெல்லாம் காகிதம் மாதிரி இருக்கிறது" என்று ஓரிரு முறை சொன்னார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள்.

ஆயினும் அடுக்களையை விடவில்லை. பதினேழு வயதில் மணமாகி வந்த நாள் முதல், எங்கள் வீட்டில் முதல் அடுப்பை ஏற்றுவது அம்மாவின் கைதான். விறகடுப்பு, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, பின்பு எரிவாயு அடுப்பு என்று அடுப்புகள் மாறின; விடியற்காலை நாலரை மணி மாறவில்லை. பால் காய்ச்சி, காப்பி கலந்து, முதல் பூசைக்குப் புறப்படும் வரையில் அடுக்களை அவர்களுடைய தனி ஆட்சி. என் துணைவியார் அந்த ஒரு மணி நேரத்திற்குள் அங்கே நுழைவதில்லை. அது மாமியாருக்கு அவர் அளித்த மரியாதை.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மழைநாள். சாரலுக்கு அஞ்சிக் கதவையும் சன்னல்களையும் இறுகச் சாத்தியிருந்தோம். ஐந்து மணியளவில் எழுந்து கூடத்திற்கு வந்தேன். அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் முகத்தில் அறைந்தது. அம்மா அடுக்களை வாசலை ஒட்டிய மணையில் அமர்ந்து, கண்களை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்திருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. வாயு சீறிக்கொண்டிருந்தது.

அடுப்பின் திருகையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடினேன். பின்கதவைத் திறந்தேன். எரிந்துகொண்டிருந்த மின்விளக்கை அணைக்கவில்லை, விசிறியைப் போடவுமில்லை. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் அதனுள் ஒரு சிறு பொறி எழும். அந்தப் பொறி போதும். அம்மாவைக் கைத்தாங்கலாக முற்றத்து ஓட்டுச் சார்ப்புக்கு அழைத்துச் சென்றேன். "என்னப்பா, என்ன?" என்று கேட்டார்கள். நான் சொன்னதும் ஒன்றும் பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கசிந்தது சிறிது நேரந்தான். நாற்றம் முற்றிலும் நீங்கிய பிறகே எல்லோரும் உள்ளே வந்தோம்.

செய்தி தொலைபேசி வழியே என் தங்கைக்குச் சென்றது. "அண்ணா, இனிமேல் அம்மாவை அடுப்புப் பக்கம் விடவே கூடாது. பாலை நீங்களோ அண்ணியோ காய்ச்சுங்கள்" என்று அழுதாள். அவள் அச்சத்தில் நியாயம் இருந்தது. அருகிலிருந்த அம்மாவின் காதிலும் அது விழுந்தது.

"மூக்குத்தானே போயிற்று, தம்பி, கை போகவில்லையே" என்றார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அன்று முழுவதும் அடுக்களையில் காலெடுத்து வைக்கவில்லை. இரவில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் என் துணைவியார் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டபோது அவர்கள் முகத்தைப் பார்க்க எங்கள் இருவருக்குமே துணிவு வரவில்லை. ஒரு தாயின் உயிரைக் காக்கும் கடமை ஒருபுறம். அறுபத்தைந்து ஆண்டுகள் ஆண்ட இடத்திலிருந்து அவர்களை இறக்கிவிடும் வேதனை மறுபுறம். எதை விடுவது, எதைக் கொள்வது?

இரண்டு நாட்கள் கழித்து அம்மாவே பேச்சைத் தொடங்கினார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள்; ஆனால் கேள்வி கேட்பதில் என் மாணவர் எவரும் அவர்களுக்கு இணையில்லை.

"சிலிண்டர் கொண்டுவருகிற பையன், 'பாட்டி, கேஸ் தரையோரமாகத்தான் தேங்கும்' என்கிறான். நீயோ வாயு அறை முழுவதும் பரவும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாய். இரண்டில் எது உண்மை?"

இதே போன்றதொரு கேள்வியை 1858-இல் ஹாலந்து நாட்டு வானிலை அறிஞர் பைஸ் பாலட் எழுப்பினார். வாயுத் துகள்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் கணக்கிட்டிருந்தார். அப்படியானால் அறையில் புகை ஏன் அசையாமல் படலம் படலமாக நிற்கிறது, ஒரு மூலையில் எழும் வாசனை மறு மூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று பாலட் கேட்டார். கிளாசியஸ் அதே ஆண்டில் விடை தந்தார். துகள் வேகமாகத்தான் போகிறது. ஆனால் நேராகப் போக வழியில்லை. ஒவ்வொரு துகளும் அண்டையிலுள்ள துகள்களோடு ஓயாமல் முட்டி மோதித் திசை மாறுகிறது. இன்று நாம் அறிந்த கணக்குப்படி, நம்மைச் சூழ்ந்த காற்றில் ஒரு துகள் விநாடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகிறது. இரு மோதல்களுக்கு இடையே அது கடக்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அம்மாவுக்கு இதை வேறு விதமாகச் சொன்னேன். "திருவிழாக் கூட்டத்தில் ஓட்டப் பந்தயக்காரன் ஒருவன் மாட்டிக்கொண்டால் எப்படி, அம்மா? கால் வேகம் குறையவில்லை. ஆனால் தேரடியிலிருந்து கடைத்தெரு முனைக்கு வர நேரம் பிடிக்கிறது அல்லவா?"

"கோயிலில் தூபம் போட்டால் கடைசி வரிசைக்கு மணம் வரச் சிறிது நேரம் ஆகுமே, அதுபோலவா?" என்று கேட்டார்கள். மணம் அறியாதவர்கள் நினைவிலிருந்து எடுத்துக் கூறிய அந்த உவமை என் உவமையைவிடச் சிறந்தது. அந்தத் தூபமும் நடமாட்டத்தாலும் காற்றோட்டத்தாலும்தான் அவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது. சற்றும் அசைவற்ற காற்றில், துகள்களின் மோதலை மட்டும் நம்பி ஒரு வாயு அறையைக் கடக்க மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கிலும் ஆகும்.

ஆகவே சிலிண்டர் கொண்டுவரும் பிள்ளை சொன்னதும் உண்மை; கரும்பலகையில் எழுதியதும் உண்மை. இரண்டுக்கும் இடையே உள்ளது கால அளவு. நம் அடுப்பு எரிவாயுவில் இருப்பவை பியூட்டேனும் புரொப்பேனும். அவை காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை. கசிந்தவுடன் தண்ணீரைப்போல இறங்கித் தரையோரம் வழிகின்றன. கட்டிலுக்கு அடியிலும் பள்ளமான மூலையிலும் தேங்குகின்றன. பின்பு மெல்ல மெல்லக் கலந்து அறை முழுவதும் நிறைகின்றன. ஒருமுறை நன்கு கலந்துவிட்டால், பாலில் கலந்த நீரைப்போல, மீண்டும் பிரிந்து கீழே படிவதில்லை.

கனத்த வாயு கலப்பதற்கு முன் என்ன செய்யும் என்பதற்கு உலகம் கண்ட கொடிய சான்று ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலுள்ள நியோஸ் ஏரி. 1986 ஆகஸ்டு 21-ஆம் நாள் இரவு அந்த ஏரியின் அடியிலிருந்து கரியமில வாயு பெருமளவில் பீறிட்டது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அது, பள்ளத்தாக்குகள் வழியே ஆறுபோல் இறங்கி ஊர்களை மூடியது. ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர், பலர் உறக்கத்திலேயே. வான்வெளி முழுவதும் பரவக்கூடிய வாயுதான் அது. ஆனால் பரவும்வரை அங்குள்ள மக்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அம்மாவின் அடுத்த கேள்வி: "எவ்வளவு கசிந்தால் ஆபத்து?" தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு உள்ளது. அழுத்தத்தினால் அது திரவமாக அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் அதன் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கை எட்டினால் பற்றிக்கொள்ளும் நிலை வரும். ஒன்பது பங்கைத் தாண்டிப் போனால் எரியப் போதிய காற்று இல்லாமல் பற்றாது. பத்தடி நீளமும் எட்டடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட எங்கள் அடுக்களையைக் கணக்கிட்டோம். மூடிய அறையில் ஒரு கிலோ வாயு சீராகக் கலந்தாலே போதும், அறை முழுவதும் வெடிமருந்தாகும். தரையோரம் தேங்கும்போதோ, அங்கே அந்த நிலை வர அதைவிடக் குறைந்த அளவே போதும்.

இயல்பில் இந்த வாயுவுக்கு மணம் கிடையாது. நாம் அறியும் நாற்றம் 'மெர்காப்டன்' என்னும் பொருளைச் சிறிதளவு கலப்பதனால் வருவது. பற்றிக்கொள்ளும் நிலையில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தபோதே மூக்கு அறிந்துகொள்ள வேண்டும் என்ற அளவில் அதைச் சேர்க்கிறார்கள். இந்த ஏற்பாட்டை உலகம் வற்புறுத்தக் காரணமாயிருந்த நிகழ்ச்சி நெஞ்சை உருக்குவது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக்கூடத் தளத்தின் அடியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து நிறைந்திருந்தது. எவரும் அறியவில்லை. மின்கருவி ஒன்றிலிருந்து எழுந்த பொறி அதைப் பற்றவைத்தது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் சிறு பிள்ளைகள், உயிரிழந்தனர். அதன் பின்னரே வாயுவில் நாற்றம் சேர்ப்பது அங்கே சட்டமாயிற்று.

அந்தக் குழந்தைகளின் கதையைக் கேட்ட அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். நெடுநேரம் கழித்து, "அப்படியானால் எனக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய கேஸ்தான் வருகிறது" என்றார்கள். எவ்வளவு சரியான பேச்சு! நாற்றம் சேர்த்தவர்கள் மூக்கை நம்பிச் சேர்த்தார்கள். மூக்கு இல்லாதவர்களுக்கு அந்தக் காவல் இல்லை.

ஆனால் விதியை முழுவதும் அறிந்தால் காப்பும் அதற்குள்ளேயே இருப்பது தெரியும். வாயு, கொடுத்த கலம் முழுவதும் பரவும். கதவு சாத்திய அடுக்களை சிறிய கலம். அங்கே அது செறிந்து நிற்கும். கதவைத் திறந்தால் கலத்துக்குச் சுவர் இல்லை. பரவிப் பரவி, நூற்றுக்கு இரண்டு என்னும் எல்லைக்கு வெகு கீழே இறங்கிப் பயனற்றுப் போகும். நம்மைக் கொல்லக்கூடிய குணமே, வழிவிட்டால் நம்மைக் காக்கும் குணமுமாகிறது.

"அப்படியென்றால் முதலில் கதவு, பிறகு அடுப்பு. அவ்வளவுதானே?" என்றார்கள் அம்மா.

அன்று மாலை நாங்கள் மூவரும் கூடிச் செய்த ஏற்பாடு இது. இரவு சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவது என் பொறுப்பு. விடியலில் அம்மா எழுந்ததும் முதலில் பின்கதவைத் திறந்து வைத்து, ஒரு பத்து மணி செபமாலை சொல்லி முடித்த பிறகே ரெகுலேட்டரைத் திறப்பார்கள். பால் அடுப்பிலிருக்கும்வரை அதன் முன்னிருந்து அகலமாட்டார்கள். பின்கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, தச்சரைக் கொண்டு காற்றுத் துளைகள் இடச் செய்தோம். மேலே உள்ள சன்னல் மட்டும் கனத்த வாயுவுக்குப் போதாது. கசிவை அறிந்து ஓலமிடும் மின்கருவி ஒன்றை வாங்கித் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பொருத்தினோம். அம்மாவின் காது இன்றும் கூர்மை. சுடர் அணைந்தால் வாயுவைத் தானே அடைத்துக்கொள்ளும் அடுப்பையும் வாங்கி வைத்தோம். நான்காம் நாள் விடியற்காலையில் அடுக்களையிலிருந்து பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. என் துணைவியார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

தங்கை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள். கருவியின் அருகே, அடுப்பு ஏற்றும் லைட்டரைச் சுடரில்லாமல் பிடித்து வாயுவை மட்டும் விட்டாள், அது ஓலமிட்டது. கூடத்தின் மறுகோடியிலிருந்த அம்மா, "வந்துவிட்டேன்" என்று குரல் கொடுத்தபடி எழுந்து வந்தார்கள். அதன் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வாசகர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். இப்போது சில நகரங்களில் குழாய் வழியே வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது. அது மேலே எழும். அதனால் அதற்குரிய கருவியைக் கூரையை ஒட்டியே பொருத்த வேண்டும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்துக் கிடத்தினால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறி 250 மடங்காக விரியும். கசிவு ஏற்பட்டால் 1906 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் தெரிவிக்கலாம். ஆனால் வீட்டுக்கு வெளியே வந்த பின்பே தொலைபேசியைக் கையில் எடுங்கள்.

முதியோர் பலருக்கு மணம் அறியும் ஆற்றல் அவர்கள் அறியாமலே குறைந்துபோகிறது. பார்வை மங்கினால் கண்ணாடி கேட்பார்கள். செவி மந்தமானால் நமக்கே தெரியும். மூக்கு ஓய்ந்ததை மட்டும் எவரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆகவே இன்றே உங்கள் வீட்டுப் பெரியவர்களை அருகில் அழைத்து, கண்களை மூடச் சொல்லி, காப்பித் தூளையும் பெருங்காயத்தையும் முகரக் கொடுங்கள். அவர்கள் எது என்று சொல்லத் தடுமாறினால், அடுக்களையிலிருந்து அவர்களை வெளியேற்றாதீர்கள். அடுக்களையின் கதவைத் திறந்து வையுங்கள்.